விலகக்கூடும் என்று தெரிகிறது

என் மாமா எழுதிய ஆரூடங்களில் எட்டு வருடமாக ஒன்றுகூடப் பொய்த்ததில்லை. ஓசூரிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் வந்துகொண்டிருந்த ஒரு வாரப் பத்திரிகையில் அவர் விளையாட்டுச் செய்தி எழுதினார். எட்டுப் பக்கப் பத்திரிகை. முதல் ஆறு பக்கங்களில் மனை விற்பனை விளம்பரங்களுக்கு நடுவே கொஞ்சம் செய்தி இருக்கும். ஏழாம் பக்கம் மாமாவுடையது. எட்டாம் பக்கம் ராசிபலன். ஏழுக்கும் எட்டுக்கும் பெரிய வித்தியாசம் எதையும் தான் பார்த்ததில்லை என்பார் அப்பா.

அப்பா சொன்னதில் நியாயம் இருந்தது. உலகக் கோப்பை வந்தால் மாமா இப்படி எழுதுவார்: ‘இந்திய அணிக்குக் கோப்பையை வெல்லும் வாய்ப்பு பிரகாசமாக உள்ளது. எனினும் கிரிக்கெட்டில் எதுவும் நடக்கலாம்.’ வென்றால் முதல் வாக்கியம் பலித்தது. தோற்றால் இரண்டாவது. அடுத்த வாரம் ‘நாம் முன்பே சுட்டிக்காட்டியபடி’ என்று ஆரம்பித்துவிடுவார். ஒரு பொங்கலுக்கு எங்கள் பக்கத்து எருது விடும் விழாவைப் பற்றி, ‘வேப்பனப்பள்ளிக் காளை முந்தக்கூடும், ஆனால் சூளகிரிக் காளையும் சளைத்ததல்ல’ என்று எழுதினார். இரண்டு காளைக்காரர்களும் தனித்தனியாக வீட்டுக்கு வந்து, தங்கள் காளையைத்தான் மாமா தூக்கி எழுதியிருக்கிறார் என்று நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். கடைசியில் முந்தியது ஆந்திரப் பக்கம் குப்பத்திலிருந்து வந்த ஒரு காளை. அதைப் பற்றி மாமா ஒரு வார்த்தையும் எழுதியிருக்கவில்லை, ஆகவே அதிலும் அவர் தவறவில்லை.

இவ்வளவு உறுதியாக நான் சொல்வதற்குக் காரணம், அந்த ஏழாம் பக்கத்தை நகல் எடுத்துக் கொடுத்தவள் நான். மாமா அம்மாவின் தம்பி. ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் டெஸ்பாட்ச் பிரிவில் வேலை. அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது அப்பா. கோவில்பட்டியிலிருந்து வந்த நாள்முதல் சூளகிரியில் எங்கள் லைன் வீட்டிலேயே இருந்தார். பெட்டிகளின்மேல் சாக்கட்டியால் எண் போட்டுப் போட்டு அவர் எழுத்து கெட்டுப்போயிருந்தது. பத்திரிகை ஆபீசில் யாருக்கும் அது விளங்காது. அதனால் புதன்கிழமை சாயங்காலம் அவர் எழுதுவார், நான் வெள்ளைத்தாளில் திருத்தமாகப் பார்த்து எழுதுவேன். எனக்கு அப்போது பதினொரு வயது, ஆறாம் வகுப்பு. ‘கூடும்’, ‘வாய்ப்புள்ளது’, ‘என எதிர்பார்க்கப்படுகிறது’, ‘நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவிக்கின்றன’ ஆகியவற்றை எழுதி எழுதித்தான் என் கையெழுத்து அழகானது.

எழுதும்போதே சண்டை போடுவேன்.

“யாரு மாமா இந்த வட்டாரம்? எந்த ஊர்ல இருக்காங்க?”

“எல்லா ஊர்லயும் இருக்காங்க.”

“ஜெயிப்பாங்களா தோப்பாங்களா, ஒண்ணச் சொல்லுங்க.”

“ஒண்ணச் சொன்னா ஒருநாள் மாட்டிக்குவோம் பாப்பா. ரெண்டையும் சொல்லி வச்சா ராத்திரி நல்லாத் தூக்கம் வரும்.”

எனக்கு அது அப்போதே பிடிக்கவில்லை, இப்போதும் பிடிக்கவில்லை. நான் இன்று அதே தொழிற்பேட்டையில் தர ஆய்வுப் பிரிவில் இருக்கிறேன். என் மேசைக்கு ஒரு பல்சக்கரம் வந்தால் பாஸ் அல்லது ரிஜெக்ட், இரண்டில் ஒன்றைத்தான் நான் எழுத முடியும். ‘இது பெரும்பாலும் தாங்கக்கூடும்’ என்று எழுதினால் சூப்பர்வைசர் தாளைச் சுருட்டி என் மேலேயே எறிவார். கம்பெனி பஸ்ஸில் போகும்போது போனைத் திறந்தால், ‘நட்சத்திர வீரர் அணி மாறுகிறாரா? பரபரப்புத் தகவல்’ என்று வருகிறது. உள்ளே போய்ப் பார்த்தால் மாறவும் கூடும், மாறாமல் இருக்கவும் கூடும். பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் கீழே ‘பெயர் போட்டு எழுது’ என்று எழுதிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவேன். இந்தப் பழக்கம் எந்த வெள்ளிக்கிழமை தொடங்கியது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

அக்காவுக்கு அப்போது பதினேழு வயது, பிளஸ் டூ. கபடி ஆடுவாள். ஆடுவாள் என்று சும்மா சொன்னால் போதாது. ரெய்டு போகும்போது தலையைக் குனிந்து, இடது காலை முன்னால் நீட்டி நீட்டி, தரையில் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவள்போலப் போவாள். எதிர் அணிக்காரிகள் அவள் என்ன தேடுகிறாள் என்று ஒரு கணம் பார்ப்பார்கள். அந்த ஒரு கணத்தில் தொட்டுவிட்டுத் திரும்பியிருப்பாள். நெடுஞ்சாலைக்குப் பின்னால் வற்றிப்போன ஏரிக்கரையில்தான் பயிற்சி. லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போகிற சத்தத்தில் அவளுடைய ‘கபடி கபடி’ கேட்காது, உதடு அசைவது மட்டும் தெரியும். பி.டி. டீச்சர் மாநில எல்லையோரம் பேரிகைப் பக்கத்துக்காரர். பாராட்டினால் தமிழில் பாராட்டுவார், கோபம் வந்தால் தெலுங்குக்குப் போய்விடுவார். அக்காவிடம் அவர் பெரும்பாலும் தமிழில்தான் பேசினார்.

அந்த வருடம் காலாண்டுப் பரீட்சை சமயத்தில் சூளகிரிப் பெண்கள் அணி முதல்முறையாக மாவட்ட இறுதிப் போட்டிக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை ஓசூரில், ஓசூர் அணியோடு ஆட்டம். அவர்கள் மூன்று வருடமாகக் கோப்பையை யாருக்கும் விட்டுக்கொடுக்காதவர்கள். அரையிறுதிக்கு முன் மாமா எழுதியது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: ‘சூளகிரி அணி ஆச்சரியம் அளிக்கக்கூடும்.’ அதை நான் படித்துக் காட்டியதும் அக்கா முழங்கைக் காயத்தில் மஞ்சள் பூசுவதை நிறுத்திவிட்டு மாமாவைப் பார்த்தாள்.

“ஏன் மாமா, அவங்க ஜெயிச்சா அது ஆட்டம், நாங்க ஜெயிச்சா ஆச்சரியமா?”

மாமா சிரித்து மழுப்பினார். அரையிறுதியில் அக்கா பதினான்கு புள்ளி எடுத்தாள். மாமா ‘நாம் முன்பே சுட்டிக்காட்டியபடி’ என்று எழுதச் சொன்னார். நான் பேனாவை மூடிவிட்டு எழுந்து போய்விட்டேன். அம்மா அதட்டிய பிறகுதான் வந்து எழுதினேன்.

இறுதிப் போட்டிக்கு முந்தின செவ்வாய்க்கிழமை கோவில்பட்டியிலிருந்து அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. எனக்குச் சேவும் கடலைமிட்டாயும், அக்காவுக்கு ஒரு பட்டுப்பாவாடையும் கொண்டுவந்தாள். அக்கா பயிற்சி முடிந்து மண்ணோடு உள்ளே நுழைந்ததும், அவள் முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “தோலெல்லாம் இப்படி ஆக்கி வச்சிருக்காளே, இதெல்லாம் ஆறுமா?” என்று அம்மாவைக் கேட்டாள். ஆறிவிடும் என்று நான்தான் பதில் சொன்னேன். என்னைக் கடைக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது பெரியவர்கள் அடுக்களையில் இருந்தார்கள். மாமா தட்டில் கையை வைத்தபடி தணிந்த குரலில் சொன்னது மட்டும் கேட்டது.

“படிப்பு முடியட்டுமே அத்தான்.”

“நீ உன் ஏழாம் பக்கத்தப் பாரு மாப்ள,” என்றார் அப்பா.

மாமா சோற்றைப் பிசைந்தார். யாருடைய படிப்பு என்று நான் யோசிக்கவில்லை. கடலைமிட்டாயைப் பங்குவைக்கிற வேலை எனக்கு இருந்தது.

மறுநாள் புதன்கிழமை வெள்ளைத்தாளோடு போய் உட்கார்ந்தேன். மாமா வேண்டாம் என்றார். உனக்குப் பரீட்சை, நீ படி, இந்த வாரம் நானே பார்த்துக்கொள்கிறேன் என்றார். அவரே குந்தி உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். முக்கால் பக்கத்துக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று.

வெள்ளிக்கிழமை பரீட்சை முடிந்து மத்தியானம் வரும் வழியில், வழக்கம்போல் டீக்கடையிலிருந்து எங்கள் இலவசப் பிரதியை வாங்கிவந்தேன். அக்கா வாசல்படியில் உட்கார்ந்து கணக்கு போட்டுக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே ஏழாம் பக்கத்தைச் சத்தமாகப் படித்தேன். இரு அணிகளும் சமபலம், கடும் போட்டி எதிர்பார்க்கப்படுகிறது, யார் வெல்வார் என்று கணிப்பது கடினம். எல்லாம் பழைய பல்லவி. கடைசிப் பத்தி மட்டும் புதிது.

‘சூளகிரி அணியின் முன்னணி ஆட்டக்காரர், குடும்பத்தில் நடைபெறும் திருமண ஏற்பாடுகள் காரணமாக, இப்போட்டியுடன் ஆட்டத்திலிருந்து விலகக்கூடும் என்று தெரிகிறது. நம்பத்தகுந்த வட்டாரங்கள் இதைத் தெரிவிக்கின்றன.’

நான் சிரித்தேன். “யாருக்குக்கா கல்யாணம்? உங்க டீம்ல எல்லாரும் பள்ளிக்கூடம்தானே படிக்கிறாங்க?” என்று கேட்டேன். கேட்டுவிட்டு நிமிர்ந்தால், அக்கா என்னைப் பார்க்கவில்லை. உள்ளே கொடியில் மடித்துப் போட்டிருந்த பட்டுப்பாவாடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்திரிகையை என் கையிலிருந்து வாங்கி, தானே ஒருமுறை படித்தாள். எழுந்து அடுக்களை வாசலுக்குப் போனாள்.

“அம்மா, எனக்கா?”

அம்மா குழம்பைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். கிண்ட வேண்டிய குழம்பு அல்ல அது.

“அத்தை அவுக மகனுக்குக் கேட்டிருக்காக. தை மாசம் நிச்சயம் மட்டும் பண்ணிக்கலாம்னாக. அப்பா இன்னும் ஒண்ணும் முடிவாச் சொல்லல.”

“எனக்குத் தெரியறதுக்கு முன்னாடி பேப்பருக்குத் தெரிஞ்சிருக்குது.”

அக்கா அழவில்லை. நான்தான் அழுதேன், ஆத்திரத்தில். மாமாவின் ஆயிரம் வாக்கியங்களில் இது ஒன்று என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. எங்கள் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு, எங்கள் வீட்டுப் பேச்சைக் கேட்டு, அதை ‘வட்டாரம்’ என்று எழுதிவிட்டார். அதுவும் இறுதிப் போட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போது. அக்கா விலகக்கூடுமா? அக்காவா? பரீட்சைக்கு வைத்திருந்த நீல மையைப் பேனாவில் நிரப்பிக்கொண்டு தெருவில் இறங்கினேன்.

முதலில் டீக்கடை. பெஞ்சில் கிடந்த பிரதியை எடுத்து, அந்தப் பத்தியைக் கோடு கோடாக அடித்து, ஓரத்தில் பெரிய எழுத்தில் ‘பொய்’ என்று எழுதினேன். அடுத்து சலூன். அங்கே முடிவெட்டிக்கொண்டிருந்தவர் மடியிலேயே பத்திரிகை இருந்தது. குடுங்க என்று பிடுங்கி, எழுதிவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். சலூன்காரர் கத்தரியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

“என்னா பாப்பா, எது பொய்யி?”

“எங்க அக்கா விலக மாட்டாங்க. கல்யாணமெல்லாம் கிடையாது!”

“ஓ, இது உங்க அக்காவப் பத்தியா?” அவர் அடித்த கோடுகளுக்கு அடியிலிருந்து எழுத்தெழுத்தாகக் கூட்டிச் சத்தமாகப் படித்தார். காத்திருந்த மூன்று பேரும் கேட்டார்கள். “அட, லைன் வீட்டு கபடிப் பொண்ணு! அதுக்கா கல்யாணம் பண்றாங்க? சின்னப் பொண்ணாச்சே!”

பஞ்சர் கடை, மருந்துக்கடை, உரக்கடை, கிளை நூலகம் என்று வரிசையாகப் போனேன். பேருந்து நிலையத்துப் பத்திரிகைக் கடையில் அடுக்கியிருந்த கட்டில் கை வைத்தபோது கடைக்காரர் ஓடிவந்து பேனாவைப் பிடித்துக்கொண்டார். கன்னடக்காரர். “ஏ ஹுடுகி, ஏன் மாட்தியா?” என்று கத்திவிட்டு, எனக்குப் புரியட்டும் என்று தமிழுக்கு வந்தார். “என்னா பண்ற பொண்ணே? வித்த பேப்பர்ல எழுது, நான் கேக்க மாட்டேன். விக்காத பேப்பர்ல எழுதாத.” விற்றதில் எழுதுவதற்காக அங்கேயே நின்றேன். வாங்கியவர்கள் ஒவ்வொருவரிடமும் ஏழாம் பக்கத்தைத் திருப்பச் சொல்லி, பொய்யைக் காட்டி, அடித்துக் கொடுத்தேன்.

சூளகிரியில் ஏழாம் பக்கத்தை வாடிக்கையாகப் படிக்கிறவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். அந்தப் பத்தியில் அக்காவின் பெயரும் இல்லை. எல்லாரையும் படிக்க வைத்ததும், யார் என்று ஊருக்குச் சொன்னதும் நான்தான். அது எனக்கு அன்று உறைக்கவில்லை. கையெல்லாம் மையோடு, ஊரையே பொய்யிலிருந்து காப்பாற்றிவிட்ட மிடுக்கோடு வீட்டுக்கு வந்தேன்.

எனக்கு முன்னால் பி.டி. டீச்சரின் ஸ்கூட்டர் வந்து நின்றிருந்தது. சாயங்காலம் குழாயில் தண்ணீர் வருகிற நேரம். லைன் வீட்டுப் பெண்கள் எல்லோரும் குடத்தோடு வெளியே இருந்தார்கள். முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய அப்பாவைப் பேருந்து நிலையத்திலேயே யாரோ கேட்டிருக்கிறார்கள்: “என்னாண்ணா, கல்யாணப் பத்திரிகை அடிக்கிறதுக்கு முன்னாடி செய்திப் பத்திரிகைல போட்டுட்டீங்க?” அந்தச் சிரிப்பு முகத்தில் எரிய, அப்பா விறுவிறுவென்று வந்தார். பின்னாலேயே மாமா வந்தார்.

டீச்சர் நேராக அப்பாவிடம் போனார். அன்று எடுத்தவுடன் தெலுங்கு.

“ஏமி சார் இதி? பிளஸ் டூ படிக்கிற புள்ள. பதினெட்டு முடியல. எச்.எம். மேடம் காதுக்குப் போச்சு, கலெக்டர் ஆபீசுக்கு எழுதறேன்னு உக்காந்திருக்காங்க. நெஜமா சார்?”

குடங்கள் நிரம்பி வழிந்தன. யாரும் குழாயை மூடவில்லை. அப்பா எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அவர் முரடர் அல்ல. ஆனால் பத்துப் பேர் முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தலைபோனாலும் மாற்றாதவர். அதனாலேயே அவசரப்பட்டு எதையும் சொல்ல மாட்டார். அன்று சொல்லும்படி ஆயிற்று.

“எவன் சொன்னான் கல்யாணம்னு? எம் பிள்ளைக்குக் கல்யாணமும் இல்ல, கத்தரிக்காயும் இல்ல. அவ படிப்பா. ஆடுவா.”

“அப்போ இது?” டீச்சர் பத்திரிகையைக் காட்டினார். என் நீலக் கோடுகள் விழுந்த பிரதி.

“பேப்பர்காரன் ஆயிரம் எழுதுவான்.”

அக்கா வாசல்படியிலிருந்து இறங்கி வந்தாள். டீச்சரைப் பார்க்கவில்லை, அப்பாவையும் பார்க்கவில்லை. மாமாவுக்கு முன்னால் போய் நின்றாள்.

“நான் விலக மாட்டேன் மாமா. கூடும் கீடும் எல்லாம் இல்ல. மாட்டேன்.”

“சரிம்மா,” என்றார் மாமா.

கதவைச் சாத்திய பிறகுதான் அப்பா வாய் திறந்தார். “நீ ஏழாம் பக்கத்தப் பாருன்னு சொன்னேன்ல மாப்ள?”

“பாத்தேன் அத்தான். அதுலதான் எழுதுனேன்.”

அப்பாவிடம் மாமா அப்படிப் பேசி அதற்கு முன் நாங்கள் கேட்டதில்லை. அப்பா அடுத்ததைச் சொல்வதற்குள் நான் புகுந்தேன். நீங்கள் பொய்யர், இனிமேல் உங்களுக்கு ஒரு எழுத்தும் எழுதித் தரமாட்டேன், உங்கள் வட்டாரத்தை வைத்தே எழுதிக்கொள்ளுங்கள் என்று கத்தி, பேனாவை அவர் காலடியில் போட்டேன். மாமா குனிந்து எடுத்து, மூடியைத் திருகி, என்னிடமே நீட்டினார்.

“எத்தன கடைக்குப் போன பாப்பா?”

“அஞ்சு. பஸ் ஸ்டாண்டோட ஆறு.”

“லைப்ரரிக்கு?”

“போனேன். பெரிசா எழுதிட்டு வந்தேன்.”

மாமா சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அவமானத்தில் அழுகிறார் என்று நினைத்தேன். நன்றாக அழட்டும் என்றும் நினைத்தேன்.

அவர் அன்று சிரித்தார் என்று எனக்குச் சொன்னது அம்மா. எனக்கு வேலை கிடைத்த வருடம் ஒரு மார்கழிக் காலையில், இருவரும் அவரைக்கொட்டை பிதுக்கிக்கொண்டிருந்தபோது, பேச்சுவாக்கில் சொன்னாள். அந்த நம்பத்தகுந்த வட்டாரம் அவள்தான். செவ்வாய்க்கிழமை அத்தை தூங்கப்போனதும் தம்பியைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டு, “அவுக அக்கா சொல்லத் தட்ட மாட்டாக. எனக்கு எதுத்துப் பேச வரல. உனக்குத்தான் எழுத வருமே, ஏதாச்சும் பண்ணுலே” என்று சொல்லியிருக்கிறாள். மாமாவுக்கும் எதிர்த்துப் பேச வரவில்லை. அவருக்குத் தெரிந்தது ஒரே வகை வாக்கியம். அதை வைத்து என்ன செய்ய முடியுமோ அதைச் செய்தார். ஊர் கேட்கும், பள்ளிக்கூடம் கேட்கும், கேட்டால் அத்தான் இல்லையென்று சொல்லத்தான் வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். அதற்காக ‘கூடும்’ என்ற சொல்லை நான் மன்னித்துவிடவில்லை. ஒருவனிடம் துருப்பிடித்த கத்தி மட்டும் இருந்து, அதைக்கொண்டு அவன் ஒரு கயிற்றை அறுத்தான் என்பதால் துரு நல்லதாகிவிடாது.

ஞாயிற்றுக்கிழமை ஓசூரில் நல்ல கூட்டம். அப்பா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்து கடைசி வரிசைக்கும் பின்னால், ஒரு தூணோரம் நின்றார். மாமா புள்ளி எழுதுகிறவர்களின் மேசைக்குப் பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். நான் அவர் பக்கமே திரும்பவில்லை. பாதி ஆட்டத்தில் எங்கள் அணி ஒன்பது புள்ளி பின்னால் இருந்தது. அதற்குப் பிறகு அக்கா ஆடியதை வார்த்தையில் சொல்ல எனக்கு வராது. ஓசூர்க்காரர்களே எழுந்து நின்று கை தட்டினார்கள். கடைசி ரெய்டு வரும்போது ஒரே ஒரு புள்ளிதான் வித்தியாசம். அக்கா போனாள். இடது மூலைக்காரியைத் தொட்டாள். தொட்ட காலை அந்தப் பெண் விடவில்லை. மேலே இருவர் விழுந்தார்கள். மூவரையும் இழுத்துக்கொண்டு மண்ணில் ஊர்ந்து வந்தாள். நடுக்கோட்டுக்கும் அவள் விரலுக்கும் ஒரு சாண் இருக்கும்போது மூச்சு விட்டுப்போயிற்று. விசில் அடித்தார்கள். இரண்டு புள்ளியில் தோற்றோம்.

வாயில் மண்ணோடு எழுந்தவள், டீச்சரிடம்கூடப் போகாமல் நேராக மாமாவின் மேசைக்குப் போனாள். நானும் பின்னால் ஓடினேன்.

“என்ன எழுதப் போறீங்க?”

“தோத்துட்டீங்கன்னுதாம்மா எழுதணும்.”

“எழுதுங்க. தோத்தது தோத்ததுதான். அதுக்குக் கீழ, நான் விலகலன்னு எழுதுங்க. அடுத்த வருஷமும் வருவேன்னு எழுதுங்க.”

மாமா அங்கேயே, அவள் கண்ணெதிரே, நோட்டில் எழுதினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அது வந்தது. ‘மறுப்பு’ என்று தலைப்பு. ‘சென்ற வாரம் இப்பக்கத்தில் வெளியான தகவல் தவறானது. சூளகிரி அணியின் அந்த ஆட்டக்காரர் விலகவில்லை. அடுத்த ஆண்டும் ஆடுவார்.’ மாமாவின் எட்டு வருடத்தில் அவ்வளவு நேரான மூன்று வாக்கியங்கள் வந்ததில்லை. மறுப்பு வாங்கித் தருகிற நிருபர் தனக்கு வேண்டாம் என்று பத்திரிகை முதலாளி சொல்லிவிட்டார். எல்லாவற்றிலும் தப்பாத ஆரூடம் சொன்ன ஆளுக்கு, ஒன்று தப்பியதும் பத்திரிகை வேலை போயிற்று. அக்கா அடுத்த வருடமும் ஆடினாள். அதற்கடுத்த வருடமும் ஆடினாள். இன்று கெலமங்கலம் பக்கம் ஒரு பள்ளியில் அவளே பி.டி. டீச்சர். நான் அந்த மறுப்பை வெட்டி, சோற்றுப் பருக்கை தடவி, மாமா படுக்கிற இடத்துக்கு நேர் எதிரே சுவரில் ஒட்டினேன். படுத்தால் கண்ணில் படவேண்டும் என்பது என் ஏற்பாடு.

அந்த வாரம் கோவில்பட்டியிலிருந்து அத்தை போன் செய்தாள். அப்பாவின் போனில் காதுக்குக் கேட்கிற இடம் கெட்டுப்போயிருந்ததால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேச வேண்டும். அத்தை சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

“தாய்மாமன்காரன் ஒரே வீட்டுக்குள்ள இருக்கான். வயசும் இருபத்தெட்டு ஆவுது. வந்த சம்மந்தத்த அவன் எதுக்குக் கலைக்கான்னு உனக்கா தெரியல? ஊர்ல நாலு பேரு கேக்காக.”

அப்பா போனை அணைத்தார். மாமா கொடியில் சட்டையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தவர், அதை மறுபடியும் எடுத்து, உதறி, ஈரத்தோடு மடிக்க ஆரம்பித்தார். அத்தைக்கும் மாமாவின் மேல் கோபம், ஆகவே அவள் என் கட்சி என்று மட்டும் எனக்குப் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா ஓசூரில் கம்பெனி ஆட்களோடு ஓர் அறைக்குப் போவதாகச் சொன்னார். ஷிப்டுக்குப் பக்கம் என்றார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அப்பா வாசல்வரை வந்து, வண்டியில் பெட்டி சரியாகக் கட்டப்பட்டிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். “பாத்துப் போ மாப்ள. சானமாவு காட்டுக்கிட்ட யான எறங்கியிருக்காம்” என்றார். அம்மா ஊறுகாய் பாட்டிலைத் துணியில் சுற்றிக்கொண்டே இருந்தாள், சுற்றி முடியவே இல்லை. அக்கா மட்டும் வண்டியோடு நெடுஞ்சாலை வரைக்கும் நடந்து போனாள். அதற்கு மேலே போகக்கூடாது என்று மாமா தடுத்துவிட்டார் என்று பிறகு சொன்னாள்.

கிளம்பும்போது மாமா என்னிடம், “வரட்டுமா பாப்பா?” என்று கேட்டார்.

நான் கதவோரம் நின்று, வேண்டுமென்றே கூரையைப் பார்த்தேன். அவர் இரண்டாம் முறையும் கேட்டார். அப்போதும் நான் திரும்பவில்லை. பதினொரு வயதில் அவ்வளவு உறுதியாக நிற்க முடிந்ததே என்று எனக்கு என்மேல் பெருமையாக இருந்தது. வண்டிச் சத்தம் லாரிச் சத்தத்தோடு கலந்து போனதும் உள்ளே ஓடினேன். மாமா படுத்திருந்த இடம் காலியாக, எங்கள் வீட்டுக்கு மிகப் பெரியதாக இருந்தது. என் பாயைக் கொண்டுவந்து அதில் விரித்தேன். நியாயம் ஜெயித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, கையையும் காலையும் நன்றாக நீட்டிப் படுத்தேன்.